சீறா தந்த உமறுப் புலவர்



ரபீஉல் அவ்வல் வந்தால் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையை மிம்பரில் பேசுகிறோம். அந்த வாழ்க்கையைத் தமிழில் பெருங்காப்பியமாக எழுதிய உமறுப் புலவரின் வாழ்க்கையை இந்த ஜும்ஆவில் கேளுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டு. கரிசல் மண்ணான எட்டயபுரத்தில் வளர்ந்தவர். தந்தையார் அத்தர் வியாபாரி. அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். முஸ்லிம் பிள்ளை என்று அந்த ஆசிரியர் ஒதுக்கவில்லை. தாம் கற்றதையெல்லாம் கொடுத்தார். பின்னர் அதே அவையில் உமறும் புலவரானார்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி இவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: பெருமானாரின் வரலாற்றைத் தமிழில் பாடித் தர வேண்டும். உமறிடம் தமிழ் இருந்தது. ஆனால் வரலாறு இருந்ததோ அரபுக் கிதாபுகளில். காதில் விழுந்த கதைகளை வைத்தே ஆயிரம் பாட்டுப் பாடியிருக்கலாம், கேட்பவர்களும் தலையாட்டியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆதாரம் தேடி சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் போனார்.

அப்பா அவர்கள் சாதாரண ஆலிம் அல்ல. நபிகளார் மீது அரபியில் புகழ்ப்பா இயற்றியவர்கள். அரசவைப் புலவருக்குரிய ஆடை அணிகளோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் மறுத்துவிட்டார்கள். நாட்டின் பெரும்புலவர், ஒரு வள்ளலின் பரிந்துரையோடு வந்தவர், வெறுங்கையோடு திரும்பினார். மனம் உடைந்து போனார் என்று சொல்லப்படுகிறது. பின்பு கனவில் நபிகளாரின் அனுமதி கிடைத்ததாகவும், அப்பா அவர்களும் அவ்வாறே கனவு கண்டு மனம் மாறியதாகவும் செவிவழி வரலாறு. கனவின் உண்மையை அல்லாஹ்வே அறிவான். எனக்கு அந்த மறுப்பும் பெரிதாகத் தெரிகிறது, அதன் பிறகு திறந்த கதவும் பெரிதாகத் தெரிகிறது. இன்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் ஹதீஸ் என்று அனுப்பி வைக்கிறோமே, யார் யாரிடம் கேட்கிறோம்?

அப்பா அவர்கள் அவரைப் பரங்கிப்பேட்டையிலிருந்த ஓர் ஆலிமிடம் அனுப்பினார்கள். நம் பக்கம் கொள்ளிடத்தைத் தாண்டி, சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் ஊர். அந்த ஆலிம் அரபியில் இருந்ததை விளக்கிச் சொல்ல, உமறு தமிழில் பாடினார். சீதக்காதி மறைந்த பின் அவ்வூர்ச் செல்வர் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரித்தார். அவர் பெயரை நூலில் பல இடங்களில் காணலாம்.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டம், 92 படலம், 5027 பாடல்கள். இதில் நம் டெல்டாக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது நாட்டுப் படலம். அரபு நாட்டைப் பாட வந்தவர், மேகம் கடலில் நீர் மொண்டு மலையில் பொழிவதையும், ஆறு பெருகி வருவதையும், உழவு, நடவு, அறுவடையையும் பாடுகிறார். சம்பா நடவு நேரத்தில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனால் கண்ணில் படும் காட்சி! இப்றாஹீம் (அலை) தம் குடும்பத்தை விட்டு வந்தது பயிர் விளையாத பள்ளத்தாக்கு அல்லவா என்று மதரஸாவில் ஓதியவர்கள் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்கவில்லை. நாட்டு வளம் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. வயலை மட்டுமே அறிந்த ஒரு விவசாயிக்கு மக்காவை நெருக்கமாக்க அவர் கண்ட வழி அது. நபிகளாரின் வரலாற்றுக்கோ ஆலிம்களிடம் கேட்டே எழுதினார். ஆனாலும் அதிலுள்ள சில அற்புத நிகழ்ச்சிகளை, ஹதீஸ் கிதாபுகளில் பார்த்துக்கொள்ளாமல் நான் மிம்பரில் சொல்வதில்லை.

நபிகளாரின் வஃபாத் வரை அவர் பாடவில்லை. மதீனா வாழ்க்கையின் இடையிலேயே சீறா நின்றுவிடுகிறது. மீதியைப் பனீ அஹ்மது மரைக்காயர் பாடினார். அதற்குச் சின்னச் சீறா என்று பெயர். ஓலைச்சுவடிகளில் கிடந்த சீறாவைத் தேடிச் சேர்த்து, 1842இல் அச்சில் கொண்டுவந்தவரும் ஓர் ஆலிம்தான்: செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை. உமறுப் புலவர் எட்டயபுரத்திலேயே அடங்கியிருக்கிறார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளியாக்குவானாக, ஆமீன்.