ஏஐ கேமராவுக்கு முன்பே நுண்பாசிகளைப் படித்தவர்: யார் இந்த எம்.ஓ.பி. ஐயங்கார்?

குளுவாங்கிலிருந்து கிழக்கே மெர்சிங் போனால் கடல். அங்கே ஒரு கிளாஸ் தண்ணி எடுத்தா தெளிவாத்தான் தெரியும். ஆனா உள்ளே பிளாங்க்டன் எனும் மிதவை உயிரிகள் ஏராளம். அவற்றில் நுண்பாசிகள்தான் கடல் உணவுச் சங்கிலியின் தொடக்கம். சில வகைகள் அளவுக்கு மீறிப் பெருகினா மீன்கள் செத்து மிதக்கும். அதனால எது எந்த வகைனு தெரிஞ்சாகணும்.

இன்னிக்கு, ஓடும் தண்ணீரிலேயே ஒவ்வொரு செல்லையும் படமெடுக்கும் கருவிகள் வந்தாச்சு. ஏஐ வகை பிரிக்கிறது. இந்த வசதி எதுவும் இல்லாத காலத்தில் உழைத்தவர் எம்.ஓ.பி. ஐயங்கார்.

1886இல் சென்னையில் பிறந்தார். பாம்பன் பக்கமுள்ள குருசடைத் தீவின் தாவரங்கள் பற்றி 1927இல் எழுதினார். பிறகு லண்டனில் பேராசிரியர் ஃபிரிட்ஷிடம் ஆய்வு. 1932இல், தான் கண்டறிந்த ஒரு பாசிக்கு அந்த ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று பெயர் வைத்தார்.

டயட்டம் என்ற நுண்பாசிக்கு கண்ணாடி போன்ற கூடு உண்டு. செல் பிரியப் பிரிய உருவம் சிறுத்துக்கொண்டே போகும். மறுபடி எப்படிப் பெரிசாகுது? 1940களில் மாணவர் ஆர். சுப்ரமணியனோடு சேர்ந்து, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து இதை ஆராய்ந்தார். சென்னைக் கடலோர மிதவை டயட்டம்களை சுப்ரமணியன் 1946இல் வகைப்படுத்தினார்.

1963இல் மறைந்த ஐயங்காரை இந்தியப் பாசியியலின் தந்தை என்கிறார்கள். ஒரே இனம் பெரிசாவும் சிறிசாவும் இருக்கும்னு சொல்லித்தரலைனா, ஏஐ அதை இரண்டு இனமாகக் கணக்கு போட்டுடலாம். அதைச் சொல்லித்தர, ஐயங்கார் மாதிரி பொறுமையாப் பார்த்துப் பழகியவர்கள் இன்னமும் வேணும்.