எல்லை காத்த பாபுஜி

ஏப்ரல் 5 வந்தால் பாபு ஜெகஜீவன் ராம் படத்துக்கு மாலை போடுகிறோம். தாழ்த்தப்பட்டோர் தலைவர் என்ற ஒரு சொல்லோடு அவரை நிறுத்தியும் விடுகிறோம். இந்த நாட்டின் ராணுவத்தை இரண்டு முறை பொறுப்பில் வைத்திருந்தவர் அவர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1908இல் பிகாரின் ஆரா நகரை அடுத்த சந்த்வா கிராமத்தில் பிறந்தார். தந்தை சோபிராம் ஆங்கிலேயர் ராணுவத்தில் பெஷாவரில் பணியாற்றியவர். எல்லையில் காவல் நின்றவரின் மகனுக்கு, ஆரா பள்ளியில் மற்ற மாணவர்கள் குடிக்கும் பானையில் தண்ணீர் கிடையாது. தீண்டத்தகாதவருக்கெனத் தனிப் பானை வைத்தார்கள். அந்தப் பானையை அவர் உடைத்தார். மறுபடி வைத்தார்கள், மறுபடி உடைத்தார். கடைசியில் தலைமை ஆசிரியர் தனிப் பானை முறையையே கைவிட்டார்.

1937இல் பிகார் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் நேருவின் இடைக்கால அரசில் தொழிலாளர் துறை அமைச்சரானார். குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டமும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில், 1948இல் வந்தவை. தொடர்ந்து தகவல் தொடர்பு, ரயில்வே, உணவு எனப் பல துறைகள். 1952 முதல் இறக்கும் வரை சசாராம் மக்கள் அவரை விடாமல் மக்களவைக்கு அனுப்பினார்கள்.

1970 ஜூனில் பாதுகாப்புத் துறை அவர் கைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா எல்லைகளைத் தாண்டி ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்தனர். உடனே படையை அனுப்பு என்று நாடெங்கும் குரல் எழுந்தது. ராணுவத் தளபதி மானெக்‌ஷாவோ அவகாசம் கேட்டார். மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகள் கடல்போல் விரியும், படை நகர முடியாது. குளிர்காலம் வந்தால் இமயக் கணவாய்களைப் பனி மூடும், சீனா தலையிடுவது கடினம். அமைச்சரவை இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. அந்த மாதங்களில் ஆயுதம், ஆள், தளவாடம் என எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு பாபுஜியின் துறைக்கு.

எல்லை விஷயத்தில் அவருக்குத் தெளிவான கருத்து ஒன்று இருந்தது. 1965 போரில் நம் வீரர்கள் உயிர் கொடுத்துப் பிடித்த இடங்கள் தாஷ்கண்ட் ஒப்பந்தத்தால் திரும்பிப் போயின. இன்னொரு போர் நம்மீது திணிக்கப்பட்டால் அப்படித் திருப்பித் தருவதற்கில்லை என்று 1971 அக்டோபரில் வெளிப்படையாகவே பேசினார். டிசம்பர் 3இல் போர் மூண்டது. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதிகள். அடுத்த ஆண்டு சிம்லா ஒப்பந்தத்தில், காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தவிர மேற்கில் பிடித்த நிலத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. அவர் பேசியது ஒன்று, நடந்தது வேறு. ஆனாலும் அமைச்சரவையில் தொடர்ந்தார்.

அவரது வாழ்வில் நாம் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. 1975 ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் அவரே. விசாரணையின்றி ஆட்களைச் சிறையில் அடைக்கும் அதிகாரம் காவல்துறையிடம் தாராளமாக இருந்த காலம் அது. அத்தகைய அதிகாரத்தின் சுமை முதலில் யார் முதுகில் விழும் என்பது சேரி மக்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். 1977 பிப்ரவரியில்தான் வெளியேறினார். தாமதம்தான். ஆனால் இந்திரா அரசை வீழ்த்தியதில் அந்த வெளியேற்றத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. ஜனதா ஆட்சியில் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது, கிடைத்ததோ மீண்டும் பாதுகாப்புத் துறை.

அப்போது நடந்ததை நாம் மறக்க முடியாது. 1978 ஜனவரியில் காசியில், முன்னாள் முதல்வர் சம்பூர்ணானந்தின் சிலையை அவர் திறந்துவைத்தார். அவர் போன பிறகு ஆதிக்க சாதி மாணவர்கள் சிலர் அந்தச் சிலையைக் கங்கை நீரால் கழுவினார்கள். முப்படைகளுக்கும் பொறுப்பான அமைச்சர் தொட்டதால் கல்லுக்குத் தீட்டாம்! ஆரா பள்ளியில் பானை உடைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நாட்டின் பாதுகாப்பு என்று பேசும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. எல்லையில் பகைவன் நுழையாமல் காப்பது பாதுகாப்பு என்றால், ஊருக்குள் ஒரு குடிமகன் மானத்தோடு தண்ணீர் குடிப்பதும் பாதுகாப்புதானே? வன்கொடுமைப் புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையம் ஒன்று இருந்தாலும், அந்த ஊரில் நாட்டின் காவல் ஓட்டை விழுந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் அமைச்சரானால் நலத்துறை ஒன்றே போதும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பாபுஜி ராணுவத்தை நடத்தினார். இங்கே நம் மேலூர் தும்பைப்பட்டிக் கக்கன் உள்துறையை வைத்திருந்தார். தனித் தொகுதியில் வென்று போகிறவர்கள் விடுதியும் உதவித்தொகையும் கேட்கட்டும். கூடவே காவல்துறை, பட்ஜெட், எல்லை பற்றியும் எழுந்து பேசட்டும். 1986 ஜூலை 6இல் மறைந்த பாபுஜிக்கு மாலை போடுகிற நாம், வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதையும் கேட்டு வாங்குவோம்.