25 ரூபாய்க் கப்பல்!

குழந்தைகளே! கப்பலோட்டிய தமிழர் யார் என்று கேட்டால், வ.உ.சிதம்பரனார் என்று சட்டெனச் சொல்லிவிடுவீர்கள். சரி, அந்தக் கப்பலை வாங்கப் பணம் கொடுத்தது யார்? அதில் டிக்கெட் வாங்கி ஏறியது யார்? அவரைச் சிறையில் அடைத்தபோது கடைகளை மூடியது யார்? இந்தக் கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் அவருடைய கதை முழுமை பெறும்.

தூத்துக்குடி அருகே உள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872 செப்டம்பர் 5ஆம் தேதி சிதம்பரனார் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை. தாய் பரமாயி அம்மாள். தந்தையைப் போலவே மகனும் வழக்கறிஞர் ஆனார். ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

கடலும் கம்பெனியும்

தூத்துக்குடிக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்ற பெயர் உண்டு. மூச்சை அடக்கிக் கடலுக்குள் பாய்ந்து, முத்துச் சிப்பிகளை அள்ளி வந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள். அருகில் உள்ள கொற்கையின் முத்து, சங்க காலத்திலேயே கடல் கடந்து விற்கப்பட்டது.

ஆனால், சிதம்பரனார் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விட்டது 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற ஆங்கிலேயக் கம்பெனி. அது வைத்ததுதான் கட்டணம். முத்தும் மீனும் உப்பும் தந்த கடல் நம் வீட்டு வாசலில் இருந்தது. அதில் செல்லும் கப்பல் மட்டும் நம்முடையது இல்லை!

1905இல் ஆங்கிலேய அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. அதை எதிர்த்து, அந்நியப் பொருட்களை வாங்க மாட்டோம் என்று மக்கள் உறுதி எடுத்தார்கள். இதுதான் சுதேசி இயக்கம். நாமே துணி நெய்யலாம் என்றால், நாமே ஏன் கப்பல் விடக்கூடாது என்று சிந்தித்தார் சிதம்பரனார்.

ஊர் கூடி வாங்கிய கப்பல்

1906 அக்டோபர் 16ஆம் தேதி, சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. முதலீடு 10 லட்சம் ரூபாய். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஒரு பங்கு வாங்கினாலும் அவர் கப்பல் கம்பெனியில் ஒரு பங்குதாரர்!

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வசதி குறைந்தவர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். சாதி, மதம் பாராமல் எல்லோரும் சேர்ந்து சேர்த்த பணம் அது.

முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்குதலால் அதன் உரிமையாளர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சிதம்பரனார் தளரவில்லை. திரும்பினால் கப்பலுடன்தான் திரும்புவேன் என்று சபதம் செய்து பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

ஆங்கிலேயக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் டிக்கெட்டே வேண்டாம், இலவசமாக வாருங்கள், குடையும் தருகிறோம் என்று ஆசை காட்டியது. அப்படியும் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்துப் பயணம் செய்தவர்கள் இருந்தார்கள். மேடையில் பேசாத, கொடி பிடிக்காத அந்தப் பயணிகளும் விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்கள்தானே!

ஆலையில் நின்ற சக்கரம்

தூத்துக்குடியில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் நூற்பாலை இருந்தது. தொழிலாளர்களுக்குக் குறைந்த கூலி. நீண்ட நேர வேலை. வாரம் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. சிதம்பரனாரும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா? ஊர் மக்கள் நன்கொடை திரட்டி உதவினார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய முடி திருத்துபவர்கள் மறுத்தார்கள். சிதம்பரனாரைக் குறை கூறிய ஒரு வழக்கறிஞருக்கு, பாதி சவரத்திலேயே கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாராம் ஒரு தொழிலாளி!

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆலை நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இதைப் பார்த்து அரசு அஞ்சியது. மார்ச் 12ஆம் தேதி சிதம்பரனாரையும் சிவாவையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் மூடப்பட்டன. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, தங்களுக்காகப் பேசியவருக்காக!

கோபம் எல்லை மீறியதும் உண்டு. திருநெல்வேலியில் அரசு அலுவலகங்களுக்குத் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். பிறகு கூடுதல் போலீசை நிறுத்திய அரசு, அதன் செலவையும் மக்கள் தலையிலேயே வரியாகச் சுமத்தியது.

செக்கும் சிறையும்

1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மொத்தம் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். பிறகு கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

வழிநடத்தியவர் சிறையில் இருந்ததால் கப்பல் கம்பெனி தள்ளாடியது. பங்குதாரர்கள் பலர் அரசுக்கு அஞ்சி ஒதுங்கினார்கள். 1911இல் கம்பெனி மூடப்பட்டது. 1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானபோது, அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரளவில்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்தார்; மண்ணெண்ணெய் விற்றார். ஒரு காலத்தில் கப்பல் விட்டவரின் வீட்டில் வறுமை குடிகொண்டது.

ஆனால், எல்லோரும் மறந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். காந்தியடிகளின் வழியாக, 1916இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. கடல் கடந்து உழைத்த மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது.

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி, உரிமத்தைத் திரும்பப் பெற உதவினார். அந்த நன்றியை மறக்காமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். ஆங்கிலேய ஆட்சியைத்தான் அவர் எதிர்த்தார்; ஆங்கிலேயர் என்பதற்காக ஒருவரையும் வெறுக்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் தொழிலாளர்களுக்காக உழைத்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18ஆம் தேதி, தூத்துக்குடியில் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடியே நடந்தது.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அவர் காலத்தில் கடற்கரையில் ஆழம் இல்லாததால், பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிடும். மக்கள் படகில் போய் ஏறுவார்கள். இன்று பெரிய பெரிய சரக்குக் கப்பல்கள் அவர் பெயர் கொண்ட துறைமுகத்திலேயே நிற்கின்றன.

ஒரு பங்கு, ஒரு டிக்கெட், ஒரு நாள் கூலி, மடக்கி வைத்த ஒரு சவரக் கத்தி. இவற்றில் எதுவும் தனியாகக் கப்பலை நகர்த்தாது. எல்லாம் சேர்ந்தபோது கப்பல் கொழும்பு வரை போனது. கைகள் விலகியபோது அது நின்றும் போனது. ஊருக்கு நல்லது நடக்க ஒரு தலைவர் மட்டும் போதாது குழந்தைகளே; கடைசி வரை கை கொடுக்கும் மக்களும் வேண்டும்!