இராபர்ட் பன்சன்

இராபர்ட் வில்ஹெல்ம் பன்சன் (மார்ச் 1811 – ஆகஸ்ட் 16, 1899) ஜெர்மானிய வேதியியலாளர் ஆவார். இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்க்காஃபுடன் இணைந்து நிறமாலைப் பகுப்பாய்வு முறையை உருவாக்கினார். சீசியம், ருபீடியம் ஆகிய தனிமங்கள் இம்முறையால் கண்டறியப்பட்டன. உப்புகளிலுள்ள உலோக அயனிகளை இனங்காணும் சுடர் சோதனையில் மாணவர்கள் பயன்படுத்தும் பன்சன் சுடரடுப்பு இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

பன்சன் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றார். காசெல், மார்பர்க், பிரெஸ்லாவ் ஆகிய நகரங்களில் பணியாற்றிய பின், 1852 ஆம் ஆண்டில் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1889 இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணிபுரிந்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஆர்சனிக் ஆய்வுகள்

புதிதாக வீழ்படிவாக்கப்பட்ட இரும்பு ஐதராக்சைடு ஆர்சனிக் நஞ்சுக்கு முறிவாகும் என்பதை 1834 இல் பெர்த்தோல்டுடன் இணைந்து வெளியிட்டார். பின்னர், ஆர்சனிக் அடங்கிய கக்கோடைல் சேர்மங்களை ஆராய்ந்தார். இவை கொடிய நஞ்சுள்ளவை; காற்றில் தாமே தீப்பற்றக்கூடியவை. ஆய்வின்போது நேர்ந்த வெடிவிபத்தில் பன்சன் தமது வலக்கண் பார்வையை இழந்தார். ஆர்சனிக் நஞ்சினால் உயிருக்கும் ஆபத்து ஏற்பட்டது. பிற்காலத்தில் சுடரின் நிறங்களை இவர் ஆராய்ந்தது எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே ஆகும்.

சுடர் சோதனையும் அதன் இடர்ப்பாடும்

அக்காலத்து எரிவாயு விளக்குகள் புகையும் மஞ்சள் ஒளியும் தந்தன. எரியும் முன்னரே வாயுவுடன் காற்றைக் கலந்தால் நிறமற்ற, வெப்பம் மிகுந்த சுடர் கிடைக்கும். இவ்வகை அடுப்பைப் பல்கலைக்கழகக் கருவிவினைஞர் பீட்டர் டெசாகா 1855 அளவில் செய்து கொடுத்தார். பன்சன் இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

நிறமற்ற சுடரில் சோடியம் மஞ்சள், பொட்டாசியம் இளஊதா, லித்தியம் சிவப்பு எனத் தெளிவாகத் தோன்றும். ஆயினும் சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலே அதன் மஞ்சள் நிறம் பொட்டாசியத்தின் நிறத்தை மறைத்துவிடும். லித்தியம், ஸ்ட்ரான்சியம் இரண்டும் சிவப்பு நிறமே தருவதால் கண்ணால் பிரித்தறிவது கடினம். பன்சன் நிறக் கண்ணாடிகள், நிறக் கரைசல்கள் வழியாகச் சுடரை நோக்கி இதற்குத் தீர்வு காண முயன்றார்.

நிறமாலைமானி

சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்க்கலாம் என 1859 இல் கிர்க்காஃப் கூறினார். இருவரும் அமைத்த நிறமாலைமானியில் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய இடங்களில் ஒளிக்கோடுகளைத் தந்தது. கலவையிலும் கோடுகளின் இடங்கள் மாறவில்லை. ஒரு மில்லிகிராமின் 30 லட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த சோடியம் உப்பையும் இம்முறையால் அறிய முடிந்தது.

1860 இல், டுர்க்ஹைம் கனிம ஊற்று நீரின் உப்புகளை ஆராய்ந்தபோது, அறியப்பட்ட எத்தனிமத்திற்கும் உரியவை அல்லாத நீலக் கோடுகள் தென்பட்டன. அவற்றைத் தந்த புதிய தனிமம் வான்நீல நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் சீசியம் எனப்பட்டது. சுமார் 44 டன் நீரிலிருந்து 7 கிராம் அளவே சீசியம் குளோரைடு கிடைத்தது. சீசியம் உலோகத்தைப் பன்சனால் பிரித்தெடுக்க இயலவில்லை. 1882 இல் செட்டர்பெர்க் அதனைப் பிரித்தெடுத்தார். கருஞ்சிவப்புக் கோடுகளைக் கொண்ட ருபீடியம் 1861 இல் கண்டறியப்பட்டது.

தாக்கம்

இம்முறையைப் பின்பற்றிப் பிறர் தாலியம் (1861), இண்டியம் (1863) ஆகியவற்றைக் கண்டறிந்தனர். கோடுகள் தோன்றும் காரணம் பன்சன் காலத்தில் அறியப்படவில்லை. எலக்ட்ரான்கள் ஆற்றல் மட்டங்களுக்கிடையே தாவுவதே காரணம் என்ற விளக்கத்தை 1913 இல் நீல்ஸ் போர் அளித்தார். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் அளவை அறியப் பயன்பட்ட சுடர் ஒளிமானியும் இதே அடிப்படையில் இயங்குவதாகும்.