நூலக வாயிலில் அண்ணல் அம்பேத்கர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்விலிருந்து ஒரு பகுதியை நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவரை அறியாதார் இலர். ஆனால் அப்பேரறிவு விளைந்த நிலம் எது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக நூலகங்களே அந்நிலம். அங்கே அவர் ஏடுகளை எவ்வாறு தேடினார், தேடியவற்றை எதற்குப் பயன்படுத்தினார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இப்பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் சென்ற மாணவர்களை விடுமுறையில் காணும்போது, நூலகத்திற்குச் செல்வதுண்டா என்று கேட்பது நம் வழக்கம். பாடநூல் வாங்கச் செல்வதுண்டு என்பர். அலமாரிகளுக்கிடையே நின்று தாமாக ஒரு நூலைத் தேடி எடுத்ததுண்டா என்றால் தலைகுனிவர். யாரேனும் ஏதேனும் கேட்டுவிடுவரோ என்னும் கூச்சமே அவர்களைத் தடுக்கிறது. நாமும் இளமையில் அக்கூச்சத்தால் ஒரு நூலக வாயிலில் நின்றுவிட்டுத் திரும்பியவரே. ஆதலின் இதனைக் குறையாகக் கூறவில்லை. நோயை அறிந்தவர் என்ற முறையில் மருந்தைக் கூறுகிறோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் சுபேதார் ராம்ஜியின் மகனாகப் பிறந்தார் பீமராவ். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர அவருக்கு உரிமையில்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியே அவரது இருக்கை. தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பணியாள் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பின்னர் சமஸ்கிருதம் கற்க விரும்பியபோது அதற்கும் இடமில்லை, பாரசீகமே பயின்றார். ஆயினும் மகன் கேட்ட நூல்களை வாங்கித் தர, மணமாகிச் சென்ற பெண்மக்களின் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார் தந்தை. அத்தகைய வீட்டிலிருந்து 1912இல் ஒரு பி.ஏ. பட்டதாரி எழுந்தார்.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை அளித்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அம்மன்னரே தம் நாட்டில் நூலகங்களை நிறுவ 1910இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலக அறிஞரை வரவழைத்தவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்நாளில் லோ நினைவு நூலகமே தலைமை நூலகம். பெரிய குவிமாடத்தின் கீழ் வட்ட வடிவிலமைந்த படிப்பறை அது. சாக்குத் துணியில் அமர்த்தப்பட்ட பிள்ளை அங்கே எல்லோரும் அமரும் மேசையில் அமர்ந்தார். வேண்டிய நூலைக் கேட்டால் கொடுத்தனர். கேட்டவர் பிறந்த சாதியைக் கேட்டாரில்லை. கிடைத்த அவ்வுரிமையை அவர் ஒருநாளும் வீணாக்கவில்லை. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 என்று பாடங்களை எடுத்துக்கொண்டதோடு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடங்களையும் பயின்றார். ஒரு பட்டத்திற்கு இத்தனை பாடங்கள் வேண்டுவதில்லை. ஆனால் ஒரு துறையின் வாயில் வழியே மட்டும் நூலகத்திற்குள் நுழைபவன் ஒரு மூலையைத்தான் காண்பான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நூலகத்தில் கண்டெடுத்ததை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்கு 1916 மே 9 அன்று அவர் படித்தளித்த கட்டுரையே சான்று. மானிடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் ஆய்வுவட்டத்தில் படிக்கப்பட்ட அக்கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது. செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வர் சாதிக்குக் கூறிய இலக்கணங்களை அவர் தேடியெடுத்து அருகருகே வைத்தார். ஒருவர் பிரெஞ்சு அறிஞர், இருவர் ஆங்கிலேய அதிகாரிகள், ஒருவர் இந்தியர். நூலில் அச்சாகியிருப்பதனாலேயே எதனையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் உண்மை எது, குறை எது என்று பிரித்தார். அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்றும், உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அதனைக் காக்க எழுந்த வழிகள் என்றும் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 25. எந்தச் சாதியமைப்பு அவரைப் பள்ளியில் ஒதுக்கியதோ, அந்த அமைப்பையே மேசைமேல் கிடத்தி ஆராயும் ஆற்றலை நூலகம் அவருக்கு அளித்தது.

அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளியல் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய அவரது உடைமைகள், போர்க்காலமாதலின், டார்பிடோ தாக்குதலில் கடலில் மூழ்கின. கப்பல் மூழ்கியதைவிடக் கொடிய செய்தி பரோடாவில் காத்திருந்தது. அரசுப் பணியில் அமர்ந்தவருக்கு ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து பதினோராம் நாள் தடியேந்திய கூட்டத்தினர் அவரை வெளியேற்றினர். உலகின் பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்றவர் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு இரயிலேறினார். கல்வி இழிவைத் தானாக நீக்கிவிடும் என்று எண்ணியிருப்பாராயின் அவர் அன்றே சோர்ந்திருப்பார். அவர் சோரவில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணமும், கோல்காப்பூர் சாகு மகாராசர் அளித்த உதவியும், நண்பர் தந்த கடனும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

இம்முறை அவர் வாழ்ந்தது நூலகங்களில் என்றே கூறலாம். பொருளியல் கல்லூரி நூலகம், இலண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் பொருளியல் நூல்தொகுதி, பிரிட்டிஷ் மியூசியம், இந்தியா ஆபீஸ் நூலகம் ஆகிய நான்கும் அவரது நாள்தோறும் செல்லும் இடங்கள். பழைய பொருளியல் நூல் ஓரிடத்தில். அரசாங்கக் கடிதங்களும் அறிக்கைகளும் வேறிடத்தில். எந்தச் செய்தி எந்த இடத்தில் இருக்கும் என்று அறிவதே தேடலின் முதற்படி என்பதை இதனால் உணரலாம். உணவுக்குக் காசில்லாத நாட்களில் இரவில் அப்பளம் சுட்டுத் தின்று படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவரது ஆய்வேடு முதலில் தடையின்றி ஏற்கப்படவில்லை. திருத்தி எழுதுமாறு கூறினர். பம்பாய் திரும்பிய பின் திருத்தி அனுப்பினார், 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. பேராசிரியர் கேனன் அந்நூலின் கருத்துக்கள் சிலவற்றோடு மாறுபட்டும் அதற்கு முன்னுரை எழுதினார். சான்றோடு பேசுபவனை மாறுபட்டோரும் மதிப்பர். நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் 1925இல் அவர் சாட்சியம் அளித்ததும் அவ்வாய்வின் பயனே.

இவையெல்லாம் ஒரு தனி மனிதர் பெற்ற பட்டங்கள்தாமே, சமுதாயத்திற்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அவர் தலைமையில் நம் மக்கள் நீர் அருந்தினர். அதன்மேல் வழக்குத் தொடுத்தோர், குளம் தனியாருடையது என்றும், நம்மவரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றும் வாதிட்டனர். தொன்றுதொட்டு என்றால் எத்தனை காலம், அதற்குச் சான்று எங்கே என்பதே வழக்கின் மையமாயிற்று. பத்தாண்டுகள் நடந்த வழக்கில், அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கம் என்ற சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு, வழக்கத்தையும் சான்று கேட்கலாம் என்று காட்டிய தீர்ப்பு அது. சான்று கேட்கும் துணிவு, சான்றைத் தேடிப் பழகியவனுக்கே வரும்.

தாம் துய்த்த இன்பத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் பணிகளில் மாணவர் விடுதிகளோடு நூலகங்களும் இடம்பெற்றன. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். தாதரில் அவர் கட்டிய இராஜகிருகம் என்னும் இல்லம் நூல்களுக்காகவே எழுப்பப்பட்டது போன்றது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைவதற்கு முந்தைய இரவிலும் புத்தரைப் பற்றிய தம் நூலின் முன்னுரையைப் பார்வையிட்டார்.

இளைஞர்களே, அண்ணலின் வழியை நம் அளவில் பின்பற்றுதல் அரிதன்று. நூலகத்தில் முதலில் பட்டியலைப் பாருங்கள். அட்டையாயினும் கணிப்பொறியாயினும் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் என்னும் மூன்று வழிகளிலும் தேடுங்கள். ஒரு நூல் கிடைத்தால் அதன் அடிக்குறிப்புக்களைப் படியுங்கள்; அவை அடுத்த நூலுக்கு வழிகாட்டும். மக்கள்தொகைக் கணக்கு, மாவட்டக் கையேடு, சட்டமன்ற நடவடிக்கைகள் ஆகியவற்றில் நம் ஊரும் நம் மக்களும் பதிவாகியிருக்கின்றனர். அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். எடுத்த குறிப்பின் கீழ் நூலின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். தெரியாததை நூலகரிடம் கேட்பது இழிவன்று. அவர் அதற்காகவே அமர்ந்திருக்கிறார்.

இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகம் ஒன்றில் அண்ணலின் மார்பளவுச் சிலை நிற்கிறது. குழாயைத் தொடலாகாது என்று விலக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு நூலகம் செய்த மரியாதை அது. நம் சங்கத்தின் பொன்விழா வருங்கால், நம் பிள்ளைகளில் ஒருவரேனும் நூலகத்தில் தேடிக் கண்டெடுத்து எழுதிய ஆய்வுநூல் மேடையில் வைக்கப்படுமாயின், இவ்வெள்ளி விழா பயனுடையதாகும். வாயிலில் நின்று திரும்பிய நமக்கும் அதுவே மனநிறைவு.