குளத்துப் பாசிக்குப் பெயர் வைத்த சென்னைக்காரர்: யார் இந்த எம்.ஓ.பி. ஐயங்கார்?

மயிலாப்பூர் தெப்பக்குளப் படிக்கட்டில் பாசியைப் பார்த்தால் நாம என்ன செய்வோம்? வழுக்கிடும்னு ஒதுங்கிப் போவோம். ஆனால், அந்த மாதிரிப் பாசிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பேராசிரியர் சென்னையில் இருந்தார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று தாவரவியல் உலகம் அழைக்கும் எம்.ஓ.பி. ஐயங்கார்.

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் பிறந்தது 1886-ல். படித்தது, பின்னாளில் பாடம் நடத்தியது இரண்டுமே மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில்தான். குட்டை, குளம், மழைநீர் தேங்கிய பள்ளம் என்று தேடித்தேடிப் பாசிகளைச் சேகரித்தார். சென்னையின் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றி 1920-லேயே எழுதினார்.

பிறகு லண்டன் குயின் மேரி கல்லூரிக்குப் போய், அன்றைய பாசியியல் மேதை எஃப்.இ. ஃபிரிட்ச்சிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1932-ல், ஈர மண்ணில் வளரும் ஒரு புதிய பச்சைப்பாசியை விவரித்து, குருவின் பெயரையே அதற்கு வைத்தார். அதுதான் ஃபிரிட்சியெல்லா. நீரில் இருந்த தாவரங்கள் நிலத்துக்கு ஏறியது எப்படி என்பதற்கு இது ஒரு தடயம் என்று நீண்ட காலம் பாடப்புத்தகங்கள் சொல்லின. நிலத் தாவரங்களின் நெருங்கிய உறவு வேறொரு பாசிக் கிளை என்று மரபணு ஆய்வுகள் பின்னர் காட்டிவிட்டன.

பாசிக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகுது?

நியாயமான கேள்விதான். பதில் நம்ம சோற்றுத் தட்டில் இருக்கு.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் நெல்லால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை அமோனியாவாக மாற்ற நைட்ரஜனேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி நுண்ணுயிர்களின் சொத்து. அதன் வரலாறு சுமார் 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று பழம்பாறைகளில் கிடைத்த தடயங்கள் சொல்கின்றன.

அப்போது காற்றில் ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுப்போகும். இங்கேதான் சிக்கல். ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியேற்றத் தொடங்கியதே நீலப்பச்சைப் பாசிகள்தான். பெயரில்தான் பாசி; உண்மையில் அவை பாக்டீரியாக்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் கூடியது. தன் மூச்சே தன் நொதிக்கு விஷம் என்ற நிலை.

அனபீனா, நாஸ்டாக் போன்றவை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. மணிமாலை போன்ற இழையில் நடுநடுவே தடித்த சுவருள்ள செல்கள் இருக்கும். ஹெட்டிரோசிஸ்ட் எனப்படும் இவை ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. வெளியிலிருந்து அதிகம் நுழையவும் விடுவதில்லை. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை உள்ளே நடக்கும்.

நெல்வயலில் இது நடக்கிறது என்று காட்டியவர் வங்கத்தின் பி.கே. டே. ஐயங்கார் படித்த அதே ஃபிரிட்ச்சின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1939-ல் முடிவுகளை வெளியிட்டார்.

ஆனால், எல்லாப் பாசியும் இதைச் செய்யாது. குளத்தைப் பச்சைப்பசேலென மாற்றும் மைக்ரோசிஸ்டிஸுக்கு நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாது. விஷத்தைக்கூட உண்டாக்கலாம். கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். எது உரம், எது ஆபத்து என்று பிரித்துச் சொல்ல, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து அடையாளம் காண ஆள் வேண்டும். ஐயங்கார் உருவாக்கியது அந்த ஆட்களைத்தான்.

அவருக்குப் பின்

லண்டனிலிருந்து திரும்பியவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய 'சயனோஃபைட்டா' நூல், இன்றும் பலர் புரட்டிப் பார்ப்பது. ஒரு நீலப்பச்சைப் பாசிக்கு ஐயங்காரியெல்லா என்று தேசிகாச்சாரி பெயரிட்டார். குருவின் பெயரைப் பாசிக்கு வைத்தவருக்கு, அவருடைய மாணவர் செய்த அதே மரியாதை.

இந்தியப் பாசியியல் சங்கத்தின் முதல் தலைவராக இருந்த ஐயங்கார், 1963 டிசம்பரில் காலமானார். பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம் இப்போது அடையாறை ஒட்டிய கிண்டி வளாகத்தில் இயங்குகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். அவர் மாநிலக் கல்லூரியில் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த 1920-களில்தான், 'லாங் டேங்க்' என்ற பெரிய ஏரியின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டு தி.நகர் எழுந்தது. ஏரி போனால் தண்ணீர் மட்டும் போவதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகிய ஒரு தொழிலைச் செய்யும் உயிர்களும் அங்கிருந்து போகின்றன. யாராவது முன்னாடியே பார்த்துப் பெயர் எழுதி வைத்திருந்தால்தான், போனது என்னன்னாவது நமக்குத் தெரியும்.