பாரத்தைப் பங்கிட்ட டாக்டரம்மா



முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பகலில் செங்கல்பட்டில் கணக்கு வேலை. சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியாய் மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் ஜெபக்கூட்டம். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம். ஓய்வெடுப்பது சோம்பல் என்று பிரசங்கித்தவன் நான். ஒருநாள், கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு சகோதரி என் எதிரே அழுதுகொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது, அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்தேன். காஞ்சிபுரம் வழியாய்ப் பஸ் ஏறி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நம் ஜனங்கள் அவர்களை அறிவார்கள்.

அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர்கள். மிஷனெரி ஆவதில் அவர்களுக்கு விருப்பமே இல்லை. வாலிப வயதில், நமக்குத் தெற்கே இருக்கிற திண்டிவனத்தில் பெற்றோரிடம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதுவே அம்மையாருக்கு அழைப்பாயிற்று. அமெரிக்காவில் படித்து 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார்கள்.

வந்த சில மாதங்களில் தகப்பனார் மரித்துப்போனார். அம்மையார் தனிமையானார்கள். ஒரு சிறு அறையில் தொடங்கிய வைத்தியத்தில் இரண்டே வருஷத்தில் 5,000 பேரைப் பார்த்தார்கள். முதல் ஆபரேஷனுக்குத் துணை, வீட்டு வேலைக்காரரின் மனைவி சலோமி! 1902-ல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி எழும்பிற்று. கூட்டம் இன்னும் பெருகிற்று.

இங்கேதான் கவனியுங்கள். இன்னும் அதிகமாய் உழைத்தால் சரியாகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இரண்டு கை போதாது என்று கண்டு, நம் நாட்டுப் பெண்களைப் பழக்குவித்தார்கள். 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார்கள். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. போதிய பேர் கிடைப்பார்களா என்று சந்தேகித்தவர்கள் முன், 151 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன! கோடையில் கொடைக்கானலுக்குப் போய்த் தங்கினார்கள். வயதான பின்னும் டென்னிஸ் மட்டையை விடவில்லை. 1946-ல் பொறுப்பை ஒப்புக்கொடுத்து ஓய்வுபெற்றார்கள். 1960-ல், 89-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆஸ்பத்திரியோ இன்றும் நிற்கிறது.

மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன புத்தியும் இதுதானே! யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

பிரியமானவர்களே, மறைமலைநகரில் ஷிப்டு பார்க்கிறவர்களே, பள்ளிக்கூட டீச்சரம்மாக்களே, தூக்கம் கெட்டு, வீட்டிலே எரிந்துவிழுந்து, பிடித்த வேலையே கசந்துபோயிற்றா? அது பக்திக் குறைவல்ல. சரீரம் அடிக்கிற மணி. அதைக் கேளுங்கள். உங்கள் கையிலிருக்கிற ஒரு வேலையை இந்த வாரமே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுங்கள். மேலதிகாரியிடம் முடியாததை முடியாது என்று பணிவாய்ச் சொல்லுங்கள். வாரத்தில் ஒருநாள் நிம்மதியாய்ப் படுத்துத் தூங்குங்கள்.

நானும் கற்றுக்கொண்டேன். இப்போது திங்கட்கிழமை சாயங்காலம் என் வீட்டாருக்கு. செவ்வாய்க்கிழமை குப்பத்து ஜெபத்தை வேறொருவர் நடத்துகிறார். யார் தெரியுமா? அன்று எனக்கு விசிறின அந்தச் சகோதரிதான். என்னைவிட நன்றாய் நடத்துகிறார்கள். கர்த்தருக்கே மகிமை!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்